வேட்பாளரின் சமயமும் வாக்காளரின் கடமையும்

குடியாட்சி நாட்டில் வாக்காளர் தம் வாக்கை அளிக்குமுன் வேட்பாளரைப் பற்றி எவற்றையெல்லாம் அறிந்துகொள்ள வேண்டும்? அவருடைய கொள்கை, கல்வி, நாணயம், முன் ஆற்றிய தொண்டு ஆகியவற்றை அறிய வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. அவர் எந்தத் தெய்வத்தை வணங்குகிறார் என்பதையும் அவற்றோடு சேர்த்து நிறுத்துப் பார்க்கலாமா என்று கேட்கும்போதுதான் கருத்துகள் பிரிகின்றன. பல சமயத்தார் கலந்து வாழும் நம் மலேசியாவில் இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் முதல் நம் நாட்டில் வாக்களிக்கும் வயது 18 ஆகிவிட்டது. ஆறாம் ஆண்டு முடித்து நம் தமிழ்ப்பள்ளியை விட்டுச் செல்லும் மாணவன், அடுத்த ஆறு ஆண்டுகளில் வாக்காளன் ஆகிறான். ஆதலின், இவ்வினாவுக்கு நேர்மையான விடை காணும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நமக்கு மிகுதியும் உண்டு.

சமயத்தைப் பார்த்தே வாக்களிக்க வேண்டும் என்போர் இரண்டு காரணங்கள் கூறுவர். ஒருவருடைய ஒழுக்கத்திற்கு வேர் அவருடைய சமயம். வேரை விட்டுவிட்டு மரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பது ஒன்று. சிறுபான்மையினரின் கோயிலுக்கும் பள்ளிக்கும் இடர் வரும்போது, அச்சமயத்தைச் சார்ந்த ஒருவரே உள்ளம் உருகிப் பேசுவார் என்பது மற்றொன்று. சமயத்தைப் பார்க்கலாகாது என்போரோ, சமயம் அவரவர் நெஞ்சுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. நாடாளுமன்றத்துக்கு அதனோடு தொடர்பில்லை என்பர். இரு திறத்தார் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எந்த அளவு என்பதை வாதத்தால் மட்டும் அறிய இயலாது. நடந்த வரலாறு ஒன்றைக் கொண்டு ஆராய்வதே தக்கது. அதற்குப் பொருத்தமான வரலாறு தமிழரிடையிலேயே இருக்கிறது. அதன் தொடக்கமும் நமக்கு அண்மையில்தான்.

ஈப்போவில் பிறந்த தலைவர்

சிம்பாங் பூலாய் வழியாக நம் மலையிலிருந்து இறங்கினால் சென்றடையும் ஈப்போ நகரில், 1898ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் பிறந்தார். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்தது. தந்தையார் தொழில் நிமித்தம் மலாயாவில் இருந்தார். சிறு வயதிலேயே தெல்லிப்பழைக்கு அழைத்துச் செல்லப்பட்ட செல்வநாயகம், அங்கும் பின்னர்க் கொழும்பிலும் கற்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். சில காலம் ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின் வழக்கறிஞராகிப் பெரும் புகழ் எய்தினார். அவர் கிறித்தவர்; புராட்டஸ்டண்டுச் சபையைச் சார்ந்தவர்; இறுதிவரை அச்சமயத்திலேயே நின்றவர். அவரைத் தேர்ந்தெடுத்த காங்கேசன்துறைத் தொகுதியோ சைவர் மிகப் பெரும்பான்மையாக வாழும் தொகுதி. கீரிமலையும் மாவிட்டபுரமும் அமைந்த மண் அது. கிறித்தவர் ஒருவரைச் சைவ மக்கள் தங்கள் பிரதிநிதியாக ஏற்கலாமா என்னும் வினா, அந்த மண்ணில் முப்பது ஆண்டுக் காலம் மீண்டும் மீண்டும் எழுந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் செல்வநாயகம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் வேட்பாளராக நின்று வென்றார். கட்சியின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் சைவர். அவ்விருவரையும் பிரித்தது சமயம் அன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் தலைவிதியே அவர்களைப் பிரித்தது. தேயிலை மலையில் வாழும் நாம் இந்தப் பகுதியைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள், இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதற்கோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்பதற்கோ சான்று காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். பிறப்புச் சான்றிதழ் என்பதையே அறியாத லயத்து மக்கள் அவற்றுக்கு எங்கே போவர்? ஏறக்குறைய 7 இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1949இல் வந்த சட்டங்கள் அவர்களுடைய வாக்குரிமையையும் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்ல முடியவில்லை.

பொன்னம்பலம் பிரஜாவுரிமைச் சட்ட மசோதாவை எதிர்த்தே வாக்களித்தார். ஆயினும் 1948 செப்டம்பரில் அவர் அமைச்சரவையில் சேர்ந்தார். அதன்பின் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதாவை ஆதரித்தார். அரசில் சேர்ந்து நின்றால் யாழ்ப்பாணத்துக்குத் தொழிலும் வளமும் கொண்டுவரலாம் என்பது அவருடைய நிலை. தொழிலமைச்சராக அவர் சில நன்மைகளைச் செய்ததும் உண்டு. செல்வநாயகம் அந்த வழியை ஏற்கவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் அவருடைய தொகுதியினர் அல்லர். அவருக்கு வாக்களிக்கக் கூடியவர்களும் அல்லர். அவர்களிற் பெரும்பாலோர் அவர் சமயத்தவரும் அல்லர். இருந்தும் அவர்களின் உரிமை பறிக்கப்படுவதை எதிர்த்து அவர் கட்சியை விட்டு வெளியேறினார். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

வேட்பாளரின் சமயத்தை மட்டும் கண்டு அவர் யாருக்காகப் பாடுபடுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்போர், இந்நிகழ்ச்சிக்கு என்ன விடை கூறுவர்? மலைநாட்டுத் தொழிலாளரின் சமயத்தவர் அவர்களுக்கு எதிரான மசோதாவை ஆதரித்தார். வேற்றுச் சமயத்தவர் அவர்களுக்காகத் தம் கட்சியையே துறந்தார்.

1952ஆம் ஆண்டுத் தேர்தல்

அடுத்த தேர்தலில் செல்வநாயகத்தை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக சு. நடேசன் நின்றார். நடேசன் எளிய மனிதர் அல்லர். சேர். பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். பரமேசுவராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய கல்விமான். முன்னர் அரசாங்க சபையில் காங்கேசன்துறையின் உறுப்பினராக இருந்தவர். சைவம் வளர்த்த குடும்பத்தைச் சார்ந்தவர். அத்தேர்தலில் செல்வநாயகம் கிறித்தவர் என்பது அவருக்கு எதிரான பிரசாரத்தில் எடுத்துரைக்கப்பட்டது. தேர்தலில் செல்வநாயகம் தோற்றார், நடேசன் வென்றார்.

அத்தோல்விக்குச் சமயம் ஒன்றே காரணம் என்று கூறுதல் பிழையாகும். ஆளும் கட்சியின் வலிமை ஒருபுறம் இருந்தது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்துகொண்டிருந்த காலம் அது. அரசோடு இணங்கிப் போனால் நன்மை உண்டு என்று எண்ணியோர் பலர். புதிய கட்சியின் சமஷ்டிக் கோரிக்கை பலருக்கு விளங்கவில்லை. அவ்வாண்டு தமிழரசுக் கட்சிக்குக் கோப்பாயிலும் திருகோணமலையிலும் மட்டுமே வெற்றி கிட்டியது. அவ்விரு தொகுதிகளிலும் வென்றவர்கள் கிறித்தவர் அல்லர் என்பதும், கட்சியின் பிற வேட்பாளர்களும் தோற்றனர் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கவை. எனினும் சமயமும் ஒரு கருவியாகப் பயன்படுத்தப்பட்டது. அக்கருவியால் வாக்காளர் அடைந்த பயன் என்ன என்று கேட்பது நம் கடமை.

1956 பிப்ரவரியில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடு, சிங்களமே நாட்டின் ஒரே ஆட்சிமொழி என்று தீர்மானித்தது. சைவர் ஒருவரை அக்கட்சியின் சார்பில் அனுப்பியிருந்ததனால் காங்கேசன்துறை மக்களின் மொழிக்குக் காப்புக் கிடைத்துவிடவில்லை. அவர்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மொழியுரிமைக்கு இடர் வந்தால் இவரும் இவருடைய கட்சியும் எந்தப் பக்கம் நிற்பர் என்பதே. நாலாண்டு கழித்து அக்கேள்வியை அவர்கள் கேட்டனர். 1956 ஏப்ரல் தேர்தலில் அதே தொகுதியில், அதே சைவ மக்கள், அதே கிறித்தவரைத் தேர்ந்தெடுத்தனர். தமிழரசுக் கட்சி 10 இடங்களை வென்றது. செல்வநாயகத்தின் சமயம் 1952இலும் 1956இலும் ஒன்றே. வாக்காளரின் கேள்விதான் மாறியது.

அதன்பின் 1960இல் நடந்த இரு தேர்தல்களிலும், 1965, 1970 ஆகிய ஆண்டுகளிலும் அவர் அத்தொகுதியில் வென்றார். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் தமிழர் சார்பில் உடன்படிக்கை செய்தார். 1972இல் தம் பதவியைத் துறந்து, புதிய அரசியலமைப்பைப் பற்றி மக்களின் தீர்ப்பைக் கேட்டார். 1975 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் 16,470 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். அப்போது அவருக்கு வயது 76; நடுக்க நோயால் உடல் தளர்ந்திருந்தார். அவரை எதிர்த்து நின்றவர் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த வி. பொன்னம்பலம். 1977 ஏப்ரல் 26இல் செல்வநாயகம் மறைந்தபோது, சைவரும் கிறித்தவரும் அவரைத் ‘தந்தை செல்வா’ என்றே அழைத்தனர்.

கேட்க வேண்டிய இடமும் உண்டு

இதுவரை கூறியவற்றால், வேட்பாளரின் சமயம் எவ்விடத்தும் பொருட்படுத்தத் தக்கதன்று என்னும் முடிவுக்கு வந்துவிடலாகாது. அதே காங்கேசன்துறைத் தொகுதியில், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முற்பட்டனர். சி. சுந்தரலிங்கம் முதலானோர் அதைத் தடுத்தனர். பொதுவிடங்களில் சாதி காரணமாகத் தடை செய்வதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் தமிழரசுக் கட்சி இப்போராட்டத்தில் போதிய உறுதியுடன் முன்னிற்கவில்லை என்னும் குறை அன்றும் பின்னும் கூறப்பட்டது. கிறித்தவர் ஒருவர் சைவக் கோயிலின் வழக்கில் தலையிடுவது எளிதன்று என்பதை எவரும் ஒப்புவர். கதவுக்கு வெளியே நின்ற மக்களுக்கோ அந்த விளக்கம் போதாது.

இத்தகைய இடத்தில் வாக்காளர் அவரிடம் கேட்க உரிமை உண்டு: “ஐயா, தாங்கள் எந்தச் சபையில் தொழுகிறீர்கள் என்று கேட்கவில்லை. சட்டம் திறந்துவிட்ட கதவைச் சிலர் அடைக்கும்போது, எங்கள் பிரதிநிதியாகத் தாங்கள் என்ன செய்வீர்கள்?” இக்கேள்வியைச் சைவ வேட்பாளரிடமும் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். அவருக்கும் அதற்கு விடை சொல்வது எளிதாயிராது. நம்பிக்கையைப் பற்றிய கேள்வி ஒருவரை மட்டும் குறிவைக்கிறது. செயலைப் பற்றிய கேள்வி எல்லா வேட்பாளர்க்கும் பொதுவாக நிற்கிறது. ஒரு கேள்வி நேர்மையானதா அன்றா என்று அறிய இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

அமெரிக்க நாட்டின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அந்நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, எந்தப் பதவிக்கும் சமயச் சோதனை வைக்கலாகாது என்கிறது. ஆனால் வாக்காளரின் உள்ளத்தில் அச்சோதனை நெடுநாள் இருந்துவந்தது. 1928இல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றார். அவருடைய சமயம் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. 1960இல் மற்றொரு கத்தோலிக்கரான ஜான் கென்னடி, ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்டுப் போதகர்கள் முன் நின்று, அரசு வேறு திருச்சபை வேறு என்னும் தம் நிலையை விளக்கினார்; அத்தேர்தலில் வென்றார். 2012இல் மிட் ராம்னி, மோர்மன் சபையினராய் ஒரு பெருங்கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரான முதல்வராக நின்று ஒபாமாவிடம் தோற்றார். அவருடைய சபையைக் கிறித்தவச் சபையாகவே ஒப்புக்கொள்ளாத புராட்டஸ்டண்டுப் பிரிவினர் பலர் இருந்தனர். ஆயினும் அப்பிரிவைச் சேர்ந்த வெள்ளையரில் மிகப் பெரும்பாலோர் வாக்களித்தது அவருக்கே.

மோர்மன் சபை 1978ஆம் ஆண்டுவரை கறுப்பினத்தார்க்குக் குருத்துவத்தை மறுத்துவந்தது. எனவே, எல்லாக் குடிமக்களையும் சமமாக நடத்துவீரா என்று அச்சபையின் வேட்பாளரைக் கேட்பது பொருந்தாத கேள்வி அன்று. ஆனால் விடையைச் சபையின் ஏட்டில் தேடுவதா, அம்மனிதரின் செயலில் தேடுவதா? மிட் ராம்னியின் தந்தையார் ஜார்ஜ் ராம்னி அதே சபையைச் சேர்ந்தவர். 1963 முதல் 1969 வரை மிச்சிகன் மாநில ஆளுநராக இருந்தவர். சபையில் அத்தடை நீடித்த அந்தக் காலத்திலேயே அவர் கறுப்பினத்தாரின் குடியுரிமைகளுக்காகக் குரல் கொடுத்தார். சபையை மட்டும் பார்த்திருந்தால் அவரை நாம் தவறாகவே மதிப்பிட்டிருப்போம்.

சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டுச் சட்டத்தையும் இங்கே தெளிந்துகொள்வோம். கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆம் விதி, இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்றும் பிற சமயங்களை அமைதியோடு பின்பற்றலாம் என்றும் கூறுகிறது. 11ஆம் விதி சமயச் சுதந்திரத்தைத் தருகிறது. நாடாளுமன்ற உறுப்பினராவதற்குரிய தகுதிகளை 47ஆம் விதியும், தகுதியின்மைகளை 48ஆம் விதியும் வரையறுக்கின்றன. சித்த சுவாதீனமின்மை, திவால் நிலை, குறிப்பிட்ட தண்டனை, அயல்நாட்டுக் குடியுரிமை முதலியன தகுதியின்மைகளாகக் கூறப்பட்டுள்ளன. சமயம் எங்கும் கூறப்படவில்லை. மலாய் ஆட்சியாளர்களைக் கொண்ட மாநிலங்களில் மந்திரி பெசார் பதவிக்கு மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருத்தல் வேண்டும் என்று மாநில அரசியலமைப்புகள் விதிக்கின்றன. அது மாநிலப் பதவி ஒன்றைப் பற்றியது. நாடாளுமன்ற வேட்பாளர்க்கு அத்தகைய விதி இல்லை.

1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம், உலகியல் தீங்கை மட்டுமன்றி ஆன்மிகத் தீங்கையும் காட்டி வாக்காளரை அச்சுறுத்துவதைக் குற்றமாக்குகிறது. இவருக்கு வாக்களித்தால் நரகம் என்று மிரட்டுவதும், சூடம் கொளுத்திச் சத்தியம் வாங்குவதும் வாக்காளரின் அச்சத்தை வாக்காக்கும் முயற்சிகளே. இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, சமயத்தின் பேரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. வேட்பாளரின் சமயம் மட்டுமன்று, வாக்காளரின் சமயத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 2இல் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டம் பிரசாரம் செய்வோரின் வாயைத்தான் கட்டும். வாக்குச் சாவடித் திரைக்குப் பின் நிற்பவரின் உள்ளத்தைக் கட்டாது. அங்கே செல்லக்கூடியது கல்வி ஒன்றுதான்.

நம் தொகுதியையே எண்ணிப் பாருங்கள். இந்தியர் சிறுபான்மையாக வாழும் கேமரன் மலைத் தொகுதி 2004, 2008, 2013 ஆகிய ஆண்டுகளில் இந்தியரைத் தேர்ந்தெடுத்தது. 2018ஆம் ஆண்டின் முடிவைத் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்றது. வாக்காளர்க்குக் கையூட்டு அளிக்கப்பட்டமையே அதற்குக் காரணம். 2019 ஜனவரி 26இல் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் ஆனார். இந்நாட்டின் மூத்த குடிகளான ஒராங் அஸ்லி மக்களிலிருந்து ஒருவர் தேர்தல் வழியே மக்களவைக்குச் செல்ல, விடுதலைக்குப்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒருவர் எந்த மக்களிடையே பிறந்தார் என்பதை இங்கே கருதலாமா என்று ஐயம் எழலாம். கருதலாம். இதுவரை எவருக்கும் திறக்கப்படாத கதவை ஒரு மக்களினத்துக்குத் திறந்துவிடுவது வேறு. திறந்துள்ள கதவை ஒருவருடைய சமயத்தைச் சொல்லி அடைப்பது வேறு. முன்னது நாட்டின் அவையை நிறைவாக்குகிறது, பின்னது குறைவாக்குகிறது. சிறுபான்மையினர் தம்மவர் ஒருவரும் அவையில் இருக்க வேண்டும் என்று விரும்புவது நியாயமே. தம்மவர் என்பதனாலேயே ஒருவரைக் கேள்வியின்றி நம்பிவிடுவதும், பிறர் என்பதனாலேயே ஒருவரைக் கேளாமலே தள்ளிவிடுவதும் நியாயமல்ல. 1948இல் மலைநாட்டுத் தொழிலாளர் விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.

தமிழாசிரியர்க்கு இது புதிய நெறியும் அன்று. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரம், பொறுப்புக்கு உரியவரை ஆராய்ந்து தேர்வதைப் பற்றியது. அவ்வதிகாரம் குடிப்பிறப்பைக் கூறுகிறது. குற்றமின்மையையும் பழிக்கு நாணுதலையும் கூறுகிறது. குணமும் குற்றமும் ஒருங்கே நாடி மிகுதி காணச் சொல்கிறது. ஒருவருடைய செயலையே உரைகல்லாகக் காட்டுகிறது. சமயத்தை அது ஓரிடத்தும் கூறவில்லை. பல சமயங்கள் வழங்கிய நாட்டில் வாழ்ந்த புலவர் அதை மறந்து விட்டுவிட்டார் என்று நாம் கருத வேண்டுவதில்லை.

வகுப்பறையில் நாம் எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் பேசலாகாது. ஆனால் கேள்வி கேட்கும் முறையைக் கற்பிக்கலாம். வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் சிறு தேர்தலே அதற்குப் போதும். “அவன் யார் வீட்டுப் பிள்ளை?” என்று ஒரு மாணவன் கேட்டால், “அவன் இதுவரை என்ன செய்திருக்கிறான்? நமக்கு வேண்டியதைச் செய்வானா? அவனைப் பிடிக்காதவனுக்கும் நீதி செய்வானா?” என்று மூன்று கேள்விகளாக அதை மாற்றிக் கொடுக்கலாம். பன்னிரண்டு வயதில் இம்மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை, பதினெட்டு வயதிலும் அவற்றைக் கேட்கும். காங்கேசன்துறை வாக்காளர் நான்கு ஆண்டு கழித்துக் கேட்ட கேள்வியை, நம் பிள்ளைகள் முதல் தேர்தலிலேயே கேட்கட்டும்.